கியாரோஸ்குரோவுக்கு ஒளிநிழலா, ஒளியிருளா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, நுண்கலைப் பாடநூல் ஒன்றின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. உரோமையின் சான் லூயிஜி தேய் பிரான்செசி தேவாலயத்துக்காக இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1599–1600இல் தீட்டிய ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தை விளக்குமிடத்தில் ‘கியாரோஸ்குரோ’ என்ற இத்தாலியச் சொல், அதாவது ஒளி, இருள் வேறுபாட்டால் உருவங்களைத் திரட்சியாகக் காட்டும் ஓவிய முறையின் பெயர், திரும்பத் திரும்ப வருகிறது. ‘ஒளிநிழல்’ என்று எழுதி வைத்தேன். படத்தைப் பார்க்கப் பார்க்க மனம் ஒப்பவில்லை. வலப்புறம் நுழையும் இயேசுவின் நீட்டிய கைக்கு மேலாக, எங்கிருந்து வருகிறதென்று காட்டப்படாத ஒளி சாய்வாகப் பாய்ந்து, மேசையைச் சுற்றியிருக்கும் ஐவரை இருட்டிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. சுவரில் சன்னல் இருந்தும் அதன்வழி வெளிச்சம் வரவில்லை. நிழல் என்பது ஒரு பொருள் வீழ்த்துவது. இங்கே இருப்பது இருள். ஆகவே ‘ஒளியிருள்’ பொருந்துமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஐயா, தங்கள் ஐயம் சரியே. ‘ஒளிநிழல்’ உம்மைத்தொகை என்பீர்கள். ஆனால் ஒளிதல் (மறைதல்) என்னும் வினையடி கொண்டு வினைத்தொகையாகவும் அது விரியும். போதாக்குறைக்கு, நிழலுக்கே ஒளி என்றொரு பொருள் உண்டு. சிறுபாணாற்றுப்படையின் ‘நிழல் திகழ் நீலம்’ என்ற தொடரைக் காண்க. அப்படியானால் தங்கள் சொல் ‘ஒளியொளி’ ஆகிவிடாதா? இத்தாலியச் சொல்லின் முற்பகுதி ஒளியோடு தெளிவையும், பிற்பகுதி இருளோடு விளங்காமையையும் குறிக்கும். தமிழில் தெளிவைக் குறிக்கும் தெருளும் மயக்கத்தைக் குறிக்கும் மருளும் இருக்கையில் ‘தெருண்மருள்’ என்போமே. தாடிக்காரரின் விரல் தம்மையே சுட்டுகிறதா, மேசைக் கோடியில் தலை கவிழ்ந்து காசைப் பார்த்திருக்கும் இளைஞனைச் சுட்டுகிறதா, யார்தாம் மத்தேயு என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கும் ஓவியத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

ஓவிய ஆசிரியை:
ஐயா பொறுத்தருள வேண்டும். மருள் என்றால் எங்கள் பிள்ளைகள் கோயில் கொடையில் சாமியாடுபவரைத்தான் நினைப்பார்கள். பென்சிலால் உருண்டை வரைந்து திரட்சி காட்டும் பயிற்சியை ஏற்கெனவே ‘ஒளிநிழல்’ என்றே கற்பிக்கிறோம், அதுவும் கியாரோஸ்குரோதான். ஓவியர் லியொனார்தோ தா வின்சியின் மென்மையான படிநிலைகளும் அதில் அடங்கும். பின்னணியை இருளில் மூழ்கடிக்கும் கரவாஜ்ஜோவின் முறைக்குத் தெனெபிரிசம் என்று தனிப்பெயர் இருக்கிறது. பொதுமுறைக்கு ‘ஒளிநிழல்’, இதற்குக் ‘காரிருட்பாணி’ என இரண்டாகப் பிரித்தால் குழப்பம் தீரும்.

விவிலிய ஆர்வலர்:
தூய்மையா எளிமையா என்ற பூசல் இக்காட்சிக்கே உரியது. மத்தேயு 9:9இல் விவிலியத்தின் பழைய திருப்புதல், வரி வசூலிப்பவரான மத்தேயுவை ‘ஆயத்துறையில்’, அதாவது வரி வாங்கும் இடத்தில், உட்கார வைக்கிறது. பொது மொழிபெயர்ப்போ ‘சுங்கச்சாவடியில்’ அமர்த்துகிறது. முன்னதற்கு இன்று அகராதி தேவைப்படுகிறது, பின்னதைக் கேட்டால் நெடுஞ்சாலை நினைவுக்கு வருகிறது. எளிய சொல் எக்காலத்துக்கும் எளிதாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். என் வாக்கு ‘ஒளியிருளுக்கு’.

மொழிபெயர்ப்பாளர்:
மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘ஒளியிருள்’ போதும் என்கிறார்கள். சிலர் களைத்துப்போய்ச் சொல்வதும் தெரிகிறது. முதல் இடத்தில் ‘கியாரோஸ்குரோ எனப்படும் ஒளியிருள் முறை’ என்றும், பிறகு ‘ஒளியிருள்’ என்று மட்டும் எழுதுகிறேன். அம்மையார் கூறிய பாகுபாடு எனக்கு உடன்பாடே. ஆனால் மூலநூல் தெனெபிரிசத்தைக் குறிப்பிடாததால் அதை நான் நுழைக்க இயலாது.

ஓவிய ஆசிரியை:
அப்படியானால் ஒரே முறைக்குக் கரும்பலகையில் ஒரு சொல்லும் பாடநூலில் இன்னொரு சொல்லும் இருக்கும். என் வகுப்பில் ‘ஒளிநிழலை’ மாற்றப்போவதில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘தெருண்மருளை’ மறுக்க இலக்கணக் காரணம் எதையும் எவரும் காட்டவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.