எக்ஸ்எஸ்எல்டியிலேயே கணக்கும் போடலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு பார்க்கிறேன். டேலி கணக்கு மென்பொருளிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பு எடுத்து, அதை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி வழியாக ரசீதாக மாற்றுவது நன்றாகவே ஓடுகிறது. இப்போது முதலாளி, கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசு, சேதாரம் மூன்றையும் ஆள்வாரியாகக் கூட்டிக் கேட்கிறார்.

என்னிடம் இருப்பது எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற இயக்கி, அது 1999-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0-ஐ மட்டும் ஓட்டும், அந்த மொழியின் கீ, ஜெனரேட்-ஐடி வசதிகளை வைத்துப் பெயர்வாரியாகப் பிரித்துவிட்டேன், ஆனால் எடை '12.500 கிராம்' என்று அலகோடு வருவதால், அப்படி ஒரே ஒரு வரி இருந்தாலும் போதும், மொத்தக் கூட்டலும் 'நேன்' (எண் அல்ல) என்று வந்து நிற்கிறது. முதலில் அலகை வெட்டி ஒரு இடைக்கோப்பு எழுதிவிட்டு அடுத்த ஸ்டைல்ஷீட்டில் கூட்டுவதா, இடை முடிவைக் கோப்பாக எழுதாமல் அதே ஸ்டைல்ஷீட்டிலேயே திரும்பப் படிக்கும் நோட்-செட் நீட்டிப்பு போதுமா, இல்லை குழுவாகப் பிரிக்கும் 2.0-இன் ஃபார்-ஈச்-குரூப்புக்காக, ஜாவாவில் ஓடும் சாக்சன் இயக்கிக்கே போய்விடலாமா? (ஜாவா ஏற்றலாம், தடையில்லை.) பைத்தானுக்கு மாறச் சொல்லாதீர்கள். செய்து பார்த்தவர்கள் மாதிரி நிரல் இருந்தால் போடுங்கள்.