நெடுந்தீவுக்கு 2 மணித்தியாலமாம்! எம்.பி. எந்த மணிக்கூட்டைக் கட்டியிருக்கிறார்?

நல்லூரான்:
நம் யாழ். மாவட்ட எம்.பி. ஒருவர் பாராளுமன்றத்தில் தீவகத்துக்காகப் பேசிய காணொளி எல்லா இடமும் ஓடுகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுச் சனத்துக்கு நல்ல படகு வேண்டும், டொக்டர்மார் தங்கி நின்று வேலை செய்ய வேண்டும், குடிதண்ணீர் வேண்டும் என்று கேட்டார். கேட்கட்டும், நல்லது. ஆனால் நடுவில் "நெடுந்தீவு மக்கள் 2 மணித்தியாலம் கடலில் கிடந்து வருகிறார்கள்" என்று ஒரு போடு போட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஏறியது. புங்குடுதீவுக் குறிகட்டுவான் துறையில் ஏறினால் 1 மணித்தியாலம். நான் போய் வந்தவன். காணொளிக்குக் கீழே கைதட்டுகிற ஒருவராவது அந்தப் படகில் கால் வைத்திருப்பாரா?

பெருக்குமரம்:
கால் வைத்த நெடுந்தீவான் வந்திருக்கிறேன், சொல்லுங்கள். ஐயா போனது மாசி பங்குனியில், குதிரை பார்க்க. அப்போது கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். ஆனி ஆடியில் சோளகக் காற்றுத் தூக்கி அடிக்கும்போது ஏறிப் பாருங்கள். 1 மணித்தியாலமாம்!

நல்லூரான்:
காற்று அப்படி அடித்தால் படகே விடமாட்டார்கள். விடாத படகு எப்படி 2 மணித்தியாலம் எடுக்கும்? 1 மணித்தியாலம்.

பெருக்குமரம்:
விடாத நாளில் எத்தனை மணித்தியாலம் என்று அந்த எம்.பி. சொல்லவில்லையே, அதற்கு நீங்கள் சந்தோஷப்பட வேண்டும். அதைச் சொல்லியிருந்தால் அடுத்த நாள் காலை வரை எண்ண வேண்டி வந்திருக்கும்.

பழைய கிளாக்கர்:
தம்பிமார், கொஞ்சம் பொறுங்கள். சுதந்திரத்துக்கு முந்திய அரசாங்க சபைக் காலத்தில் ஊர்காவற்றுறைக்காகப் பேசியவர் வேலணைத் துரைசுவாமி. 1936 இல் சபாநாயகராகவே ஆனவர். 1947 இல் அல்பிரட் தம்பிஐயா, பிறகு வி. ஏ. கந்தையா, வி. நவரத்தினம், கா. பொ. இரத்தினம். தீவகத்துக்கு ஊர்காவற்றுறைத் தொகுதி என்று ஒன்று இருந்தது, அதற்கென்று ஓர் ஆளும் இருந்தார். படகு வரவில்லை என்றால் யாருடைய படலையைத் தட்டுவது என்று சனத்துக்குத் தெரியும். 1989 தேர்தலோடு மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து ஆள் எடுக்கிற விகிதாசார முறை வந்தது. இப்போது ஊர்காவற்றுறை என்பது வாக்கு எண்ணுகிற ஒரு பிரிவு, அவ்வளவுதான். யாழ். மாவட்ட ஆசனங்களும் 2010 இல் 9, 2015 இல் 7, 2024 இல் 6. விருப்பு வாக்கு விழுவது சனம் நெருக்கமாக இருக்கிற இடத்தில். அப்படியிருக்க நெடுந்தீவின் பெயரைச் சபையில் ஒருவர் உச்சரித்ததே பெரிய காரியம். நீங்கள் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

நல்லூரான்:
வரலாற்றுக்கு நன்றி ஐயா. 1 மணித்தியாலம்.

கடலோடி:
ஒரு கேள்வி. எங்கிருந்து எங்கே கணக்குப் பார்க்கிறீர்கள்? துறைக்குத் துறையா, யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்தா? எந்தப் படகு, குமுதினியா வடதாரகையா?

பெருக்குமரம்:
எந்தப் படகாக இருந்தாலும் 2.

நல்லூரான்:
எந்தப் படகாக இருந்தாலும் 1.

வாணர்பாலத்தடி:
தீவகம் என்றால் உடனே நெடுந்தீவா? புங்குடுதீவில் வந்து பாருங்கள். 1990க்குப் பிறகு இடம்பெயர்ந்த சனத்தின் வீடுகள் கூரையில்லாமல் கிடக்கின்றன. கிணறுகள் உவர். அதைப் பற்றி அந்த எம்.பி. ஒரு சொல் சொன்னாரா? நாங்கள் இங்கே ரொறன்ரோவில் சங்கம் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு சேர்த்து அனுப்புகிறோம்.

பெருக்குமரம்:
புங்குடுதீவுக்கு பஸ் போகிறது அண்ணை. பஸ் போகிற இடத்தைத் தீவு என்று சொல்ல வெட்கமாக இல்லையா? ரொறன்ரோவிலும் பஸ் போகிறதாம், அதையும் தீவகத்தோடு சேர்த்துவிடுவோமா?

வாணர்பாலத்தடி:
வார்த்தையை அளந்து பேசவும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் வாணர் பாலம் இல்லாவிட்டால் நீங்கள் குறிகட்டுவானைக் கண்ணால் கண்டிருக்க மாட்டீர்கள். உங்கள் படகு வந்து கட்டுகிற துறை எங்கள் மண்ணில் இருக்கிறது.

பெருக்குமரம்:
வாடகை கேட்கிறீர்களா?

அவதானி:
உருப்படியாக ஒன்று பேசலாமா? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலை, சூரிய மின்சாரம், பற்றரி எல்லாம் சேர்த்த திட்டம் ஒன்று. 2021 இல் சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், இந்தியா மூக்கை நுழைத்தது, சீனாக்காரர் கையை எடுத்தார்கள். 2022 இல் இந்தியாவோடு உடன்படிக்கை, சுமார் 1.1 கோடி டொலர் நன்கொடை. 2024 இல்தான் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தமே எழுதினார்கள். இரண்டு வல்லரசுகள் கயிறு இழுத்த காலம் முழுக்க நெடுந்தீவில் டீசல் ஜெனரேற்றர். எம்.பி. கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. படகு நேரத்தைச் சொல்லிப் பிரயோசனம் என்ன?

பெருக்குமரம்:
அவதானிக்குக் கரண்ட் பிடித்திருக்கிறது. அந்த டீசல் எதில் வருகிறது? படகில். சீமெந்து, அரிசி, காஸ் சிலிண்டர், வாத்தியார், தபால், எல்லாம் படகில். அதனால்தான் படகை முதலில் பேசுகிறோம். நான் ஒருமுறை முழுதாகச் சொல்கிறேன், பிறகு யாரும் குறுக்கே வராதீர்கள். யாழ்ப்பாணத்தில் கந்தோர் அலுவல் என்றால் உங்களுக்கு அரை நாள். எங்களுக்கு விடிய முன் துறையில் நிற்க வேண்டும், கந்தோரில் "நாளைக்கு வாருங்கள்" என்றால் இரவு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை நாள் நெருங்க முன்னமே பட்டினத்துக்கு அனுப்பிவிடுகிறோம், ஏனென்றால் நடுராத்திரியில் வலி வந்தால் நேவிப் படகைக் கெஞ்ச வேண்டும். வாத்தியார் வருகிற படகு பிந்தினால் முதல் பாடம் இல்லை. அதே வாத்தியார் பின்னேரப் படகைப் பிடிக்க ஓடினால் கடைசிப் பாடமும் இல்லை. மழை பிந்தினால் சாராப்பிட்டித் தண்ணீருக்குப் பவுசரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். உங்களுக்குத் தாளையடியில் கடல் தண்ணீரையே குடிதண்ணீராக்க 2024 இல் ஆலை திறந்தார்கள். எங்களைச் சுற்றி இருப்பது என்ன, பாலா? 2017 இல் நெடுந்தாரகைப் படகு வந்தபோது மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். படம் எடுத்தவர்கள் யாரும் அதற்கு எண்ணெய் அடிக்கக் காசு எங்கே என்று கேட்கவில்லை. இவ்வளவையும் ஒருவர் சபையில் சொன்னால் நல்லூரில் இருக்கிற ஒருவருக்கு மணிக்கூடு நோகிறது. 2 மணித்தியாலம்தான்.

நல்லூரான்:
இவ்வளவு எழுதினீர்கள், எல்லாம் சரி. இதில் எங்கே 2 மணித்தியாலம் வருகிறது? உண்மையான கஷ்டம் இவ்வளவு இருக்கும்போது பொய்க் கணக்கு எதற்கு? நாளைக்கு ஒரு சிங்கள எம்.பி. எழும்பி "நான் போனேன், 1 மணித்தியாலம்" என்றால் தண்ணீர்க் கதையும் சேர்ந்து பொய்யாகும்.

பெருக்குமரம்:
குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று வெட்டுப்பட்டுச் செத்த சனத்தின் ஊர் இது. அந்தக் கடலைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

நல்லூரான்:
செத்தவர்களை இதற்குள் இழுக்காதீர்கள். அது வேறு. அவர்கள்மேல் எனக்கும் மரியாதை இருக்கிறது.

பழைய கிளாக்கர்:
வட மாகாண சபை இருந்தால் இந்தப் படகுக் கதைக்குப் பாராளுமன்றம் போகவே தேவையில்லை. 2013 இல் வந்தது, 2018 இல் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. அதைப் பற்றி ஒருவரும்

பெருக்குமரம்:
ஐயா பாதியில் விட்டுவிட்டார், கரண்ட் போயிருக்கும். இருந்தபோது மட்டும் கிழித்தார்களா?

பழைய கிளாக்கர்:
கரண்ட் போகவில்லை. கை பட்டுப் போய்விட்டது. உமக்குப் பதில் சொல்லி என்ன பயன் என்று மிச்சத்தை எழுதாமல் விட்டேன்.

அவதானி:
எழுவைதீவில் அந்தக் கலப்பு மின்சாரம் ஏற்கெனவே ஓடுகிறது என்பதை யாராவது

பெருக்குமரம்:
எழுவைதீவார் வந்து சொல்லட்டும். உமக்கு என்ன? நீர் இருப்பது கொக்குவில் என்று போன விவாதத்தில் நீரே எழுதினீர். யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தையில் தக்காளி விலையைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்த ஆள்தானே?

அவதானி:
அந்தத் தக்காளிக் கதையை இன்னும் விடவில்லையா?

பெருக்குமரம்:
விடமாட்டேன்.

நல்லூரான்:
சரி, ஒரே கதை. வருகிற சனிக்கிழமை நான் குறிகட்டுவானுக்குப் போகிறேன். கயிறு அவிழ்த்த நிமிடத்திலிருந்து போனில் நேரம் பிடித்து இங்கே போடுகிறேன். 1 மணித்தியாலத்துக்கு மேல் போனால் பார்ப்போம்.

பெருக்குமரம்:
சனிக்கிழமை காற்று இல்லை என்று பார்த்துவிட்டுத்தானே சொல்கிறீர்? ஆடியில் வாரும்.

கடலோடி:
எந்தப் படகில் போகிறீர்கள் என்றாவது சொல்லுங்கள்.

வாணர்பாலத்தடி:
அது இருக்கட்டும். பஸ் போகிற தீவு என்று சொன்னதற்கு நெடுந்தீவார் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. சங்கத்துக் குழுவிலும் இதைப் போட்டிருக்கிறேன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெருக்குமரம்:
பார்க்கட்டும். அவர்களில் எத்தனை பேர் புங்குடுதீவில் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுச் சொல்லும்.