ட்ரோல்களை உருவாக்கியது மக்களா, ஓவியர்களா?

கடற்காகம்:
போன வாரம் இங்கே ஒருவர், மலைபோல் உடம்பும் தொங்கும் மூக்கும் தலையில் முளைத்த மரமுமாக இருக்கும் ட்ரோல் என்ற பூதம், நார்வே நாட்டுப்புற மக்களின் கற்பனை என்று எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அது தியோடர் கிட்டல்சன் என்ற ஓவியரின் கைவேலை. 1906இல் அவர் வரைந்த காட்டு ட்ரோலைப் பாருங்கள். காடு எங்கே முடிகிறது, ட்ரோல் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது. அடுத்த நாடான ஸ்வீடனில், 1907இல் தொடங்கிய ஒரு கிறிஸ்துமஸ் ஆண்டுமலருக்கு யோன் பவுவர் வரைந்த ட்ரோல்களோ பாசிபிடித்த கிழவர்கள் மாதிரி சாதுவாக உட்கார்ந்திருக்கும். கிராமத்து ஆள் பயந்தது இவற்றைப் பார்த்து அல்ல.

பனங்காடன்:
நண்பரே, ஆண்டுக்கணக்கைப் பாருங்கள். கிட்டல்சன் பிறந்தது 1857. ஆஸ்பியோர்ன்சனும் மோவும் ஊர் ஊராகக் கதை சேகரித்து வெளியிட்ட முதல் தொகுப்பு 1841 முதல் 1844க்குள் வந்துவிட்டது. அதிலுள்ள மூன்று ஆட்டுக்கடாக்கள் கதையில் பாலத்தடி ட்ரோலுக்கு வெள்ளீயத் தட்டு அளவு கண்கள், புல் வாரும் கருவியின் காம்பு நீளத்துக்கு மூக்கு. (ஆங்கிலத்தில் போட்டவர் அந்தக் காம்பைக் கணப்படுப்புக் கம்பியாக்கிவிட்டார்!) ஹேடால் காட்டுக் கதையில் வரும் மூன்று ட்ரோல்களின் தலை பைன் மர உச்சியைத் தொடுகிறது, மூன்றுக்கும் சேர்த்து ஒரே கண், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கின்றன. கீழே விழுந்த அந்தக் கண்ணையே ஒரு பையன் எடுத்துக்கொண்டுவிடுகிறான். இதையெல்லாம் எந்த ஓவியர் சொல்லிக்கொடுத்தார்?

கடற்காகம்:
நீங்கள் சொல்பவை மாயக்கதைகள். அடுப்படியில் பொழுதுபோக்குக்காகச் சொன்னவை, சொன்னவரே நம்பவில்லை. "எங்கள் ஊரில் நடந்தது" என்று ஊர்பெயரோடு சொல்லப்படும் கதைகள் வேறு வகை. அவற்றில், குறிப்பாகத் தெற்கு ஸ்வீடனில், ட்ரோல் பெரும்பாலும் மனிதரைப் போலத்தான் இருக்கும். குன்றுக்குள் வீடு, மாடு கன்று, நல்ல உடுப்பு. மாவு கடன் கேட்டு வாசலுக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர்தான், ஞானஸ்நானம் பெறாதவர் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அதே தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில் யுங்பி என்ற கோட்டை இருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவில் ட்ரோல்கள் பெரும்பாறை ஒன்றைத் தூண்களில் தூக்கி நிறுத்தி, அதனடியில் விருந்து வைக்கும் என்று பேச்சு. கோட்டைத் தலைவி ஒரு வேலையாளை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறாள். குடிக்கச் சொல்லி ஒரு கொம்பையும், ஊதச் சொல்லி ஒரு குழலையும் அவனிடம் நீட்டுகிறார்கள். அவன் பானத்தைத் தோளுக்குப் பின்னால் கொட்டிவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு குதிரையில் பறக்கிறான். கொம்பும் குழலும் இன்றும் அந்தக் கோட்டையில்தான் இருக்கின்றன. குன்றுக்குள் இழுத்துப்போன ஆளை மீட்கத் தேவாலய மணி அடித்தார்கள் என்றும் கதைகள் உண்டு. மணி அடித்தவர்கள் நம்பித்தான் அடித்திருப்பார்கள். மூக்கு நீளத்தை யாரும் அளந்துகொண்டிருக்கவில்லை.

சுடரி:
இரண்டு பேரும் பெரிய ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். தொழுவத்தைக் காக்கும் குள்ளன் நிஸ்ஸேயை விட்டுவிட்டீர்களே? ஸ்வீடனில் டோம்டே என்பார்கள். தயவுசெய்து அவனைக் 'கோப்ளின்' என்று எழுதாதீர்கள், அது ஆங்கிலக்காரர் சரக்கு. கஞ்சியில் வெண்ணெய் இல்லை என்று கோபப்பட்டு மாட்டைக் கொன்றுவிட்டு, கிண்ணத்தின் அடியில் வெண்ணெய் இருப்பதைப் பார்த்து முழிப்பானே, அவன்தான். அந்த முரடனை 1881இல் யென்னி நிஸ்ட்ரோம் ஒரு கவிதைக்காக வரைந்தார். அப்புறம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் வந்து வந்து, செக்கச்சிவந்த கன்னத்தோடு பரிசு கொடுக்கும் தாத்தாவாகிவிட்டான். இந்த ஒரு விஷயத்தில் கடற்காகம் அண்ணன் பக்கம்தான் நான்.

பனங்காடன்:
கொம்பு விஷயம் எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். நிஸ்ஸேயையும் விட்டுக்கொடுக்கிறேன், வாழ்த்து அட்டை எதைத்தான் விட்டுவைத்தது? ஆனால் கிட்டல்சன் வரைந்தவற்றுக்கும் கிராமத்து ஆளின் பயத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. நீரில் ஆளை இழுக்கும் நொக்கனை அவர் 1904இல் வரைந்திருக்கிறார். பெயரைச் சொல்லிவிட்டால் அதன் சக்தி போய்விடும் என்பது மக்கள் நம்பிக்கை. படத்தில் உடம்பே கிடையாது. இருண்ட குளம், தண்ணீருக்கு மேலே தெரியும் ஒரு தலை, உங்களையே பார்க்கும் இரண்டு கண்கள். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு இன்று ராத்திரி கிணற்றடிக்குத் தனியாகப் போய்விட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.