டைட்டானியத்தில் நீங்கள் பிடித்த சிக்னல், அல்லது கோட்டைவிட்டது: எழுதுங்கள்

தொட்டிக்கரை

இந்தத் திரியை நானே தொடங்கிவிடுகிறேன். சிக்ஸ்-ஃபோர் (6% அலுமினியம், 4% வெனடியம் கலந்த டைட்டானியம்) பில்லட், அதாவது உருளைத் தண்டு, 200 மில்லி விட்டம், அல்ட்ராசவுண்ட் சோதனைக்காக இம்மர்ஷன் (தண்ணீர்) தொட்டியில் சுற்றிக்கொண்டிருந்தது. இரவு ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம். 1.2 மில்லி துளையின் எதிரொலி திரையில் 80 சதவீத உயரம் வரும்படி கெயின் (பெருக்கம்) வைத்திருந்தேன். திரையில் எப்போதும் போலப் புல், அதாவது உலோகத் துகள்களில் பட்டுச் சிதறி வரும் சின்னச் சின்ன எதிரொலிகள், கிரெய்ன் நாய்ஸ். ஒரே ஒரு இடத்தில் அந்தப் புல் கொஞ்சம் தலைதூக்கியது, 30 சதவீதம் இருக்கும். நிராகரிக்கும் கோட்டுக்கு எவ்வளவோ கீழே. இரண்டு டிகிரி திருப்பினால் காணோம். முழுச் சுற்று போய் வந்தால் அதே ஆழத்தில் மறுபடி. புல்லும் அப்படித் திரும்பி வரும்தான், அது எனக்கும் தெரியும். “கிரெய்ன் நாய்ஸ்பா, விடு” என்றார் என் மேலதிகாரி. ஏனோ விட மனசு வரவில்லை, ஷீட்டில் எழுதிவைத்தேன்.

வெட்டினார்கள். ஆசிடில் போட்டு எடுத்த வட்டத்தில் கடுகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் கடினத்தன்மைச் சோதனை ஊசி இறங்கிய இடமெல்லாம் ஒழுங்கான சதுரம். புள்ளியின் மேல் இறங்கியபோது நான்கு மூலையிலிருந்தும் விரிசல் ஓடியது, கண்ணாடி போல. நைட்ரஜன் ஏறிக் கெட்டியாகி நொறுங்குகிற டைட்டானியம், ஹார்டு ஆல்ஃபா என்போம். ஒலி அதற்குள் டைட்டானியத்துக்குள் போவது போலவே போய்விடும், திரும்பி வருவது சொற்பம். அதை ஒட்டி ஊசிமுனைக்கு ஒரு பொத்தல் இருந்ததால்தான் அந்த 30 சதவீதமாவது வந்தது. பொத்தல் இல்லாமல் இருந்திருந்தால் பாஸ்.

கறுப்பு விளக்கு

நான் சிங்கப்பூரில் விமான என்ஜின் ஓவர்ஹாலில் பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறும் ஒளிரும் சாயம்) பார்ப்பவள். ஃபேன் டிஸ்கை (என்ஜினின் விசிறி இதழ்களைத் தாங்கும் வட்டு) பட்டை கட்டி ஹாய்ஸ்டில் தொங்கவிட்டு, இருட்டறையில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கீழே இறக்கிப் பட்டையை உருவினால், போருக்குள், அதாவது டிஸ்கின் நடுத் துளைக்குள், பட்டை படிந்திருந்த இடம் மொட்டையாக இருக்கிறது. டெவலப்பரே (விரிசலில் இருக்கும் சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் பொடி) படவில்லை. உள்ளங்கை அகலம். கையெழுத்தை அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் உங்களுக்கே தெரியும். 1989 ஜூலை 19, அமெரிக்காவின் சூ சிட்டி, ஃபேன் டிஸ்க் உடைந்து யுனைடெட் 232 விமானம் விழுந்த நாள். அங்கேயும் நடுத் துளையில்தான் விரிசல் தொடங்கியது. 1971இல் செய்த டிஸ்க், உருக்கும்போதே உள்ளே போன ஹார்டு ஆல்ஃபா. உடைவதற்கு 760 பறப்புகளுக்கு முன் பெனட்ரன்ட் பார்த்திருக்கிறார்கள். அப்போதே மேற்பரப்பில் அரை அங்குல விரிசல் இருந்திருக்கும் என்கிறது விசாரணை அறிக்கை. அரை அங்குலம்! விமானத்தில் இருந்த 296 பேரில் 112 பேர் போனார்கள். அந்த டிஸ்கைப் பார்த்தவரும் என்னைப் போல ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போயிருப்பார்.

பழைய ஃபிலிம்காரன்

தம்பி, தங்கச்சி, இதற்கெல்லாம் எக்ஸ்ரே எடுத்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். டைட்டானியக் குழாய் வெல்டில் நான் ஒருமுறை பார்த்தேன், ஃபிலிமில் உப்புக்கல் தெளித்த மாதிரி நாலு வெள்ளைப் பொட்டு. வெல்டர் டங்ஸ்டன் முனையை உருகிய உலோகக் குளத்தில் தொட்டுவிட்டான். அவன் இல்லவே இல்லை என்று சாதித்தான், ஃபிலிம் சாதிக்கவில்லை.

அப்புறம் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சில விஷயம். டைட்டானியத்தின் மேல் கண்ட மார்க்கரால் எழுதாதீர்கள், குளோரின் இருக்கிறதா என்று பாருங்கள். சூடேற்றப் போகிற பாகமென்றால் அது விரிசலில் கொண்டுபோய்விடும். கப்ளன்டும் (ஒலி உள்ளே போகத் தடவும் கூழ்) அப்படித்தான், டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையிலும் உப்புதான். இருட்டறைக்குள் போனவுடன் பார்க்க ஆரம்பிக்காதீர்கள், கண் பழகட்டும். ஃபோட்டோகுரோமிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கவே கூடாது. லெவல் டூ (சோதனைக்காரர் சான்றிதழின் இரண்டாம் படி) கிடைத்தவுடன் கல்ஃபுக்கு ஓடாதீர்கள், இரண்டு வருடம் ஒரே உலோகத்தோடு உட்காருங்கள். ஃபிலிம் படிக்கிற மேஜையில் டீ வைக்காதீர்கள். இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் சொல்கிறேன்.

மேக்ரோ

அண்ணே, மார்க்கர் விஷயம் சரி. எக்ஸ்ரே விஷயம் சரியில்லை. டங்ஸ்டன் கனம், அதனால் ஃபிலிமில் தெரிந்தது. ஹார்டு ஆல்ஃபாவின் அடர்த்தி சுற்றியிருக்கும் டைட்டானியத்தோடு கிட்டத்தட்ட ஒன்று. 200 மில்லி பில்லட்டில் கடுகளவைத் தேடி ஃபிலிம் எடுத்தால் பில்லட்டின் போட்டோதான் கிடைக்கும்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஒரே துண்டைப் பக்கவாட்டிலிருந்து ஸ்கேன் பண்ணினேன், இரைச்சல் தாங்கவில்லை. முனையிலிருந்து பண்ணினேன், அமைதி. இரண்டு படத்தையும் அருகருகே வைத்தால் இரண்டு வேறு உலோகம் என்று சத்தியம் செய்வீர்கள். பில்லட்டை நீட்டி அடிக்கும்போது உள்ளே துகள்கள் கூட்டம் கூட்டமாக நீளவாக்கில் படுத்துக்கொள்கின்றன, பக்கவாட்டில் வருகிற ஒலியை அவை சிதறடிக்கின்றன. நாம் அதற்கு ‘நாய்ஸ்’ என்று பெயர் வைத்துக் கழித்துவிடுகிறோம். 2017 செப்டம்பர் 30 அன்று கிரீன்லாந்துக்கு மேலே ஏர் பிரான்ஸ் ஏ380 ஒன்றின் ஃபேன் ஹப் (விசிறியின் நடு வட்டு) பிய்ந்து விழுந்ததே, துண்டு ஒன்றே முக்கால் வருடம் கழித்துப் பனிக்கடியில் கிடைத்தது. அதில் ஹார்டு ஆல்ஃபா இல்லை, பொத்தல் இல்லை. ஒரே திசையில் படுத்த துகள் கூட்டம் ஒன்று, அங்கிருந்து விரிசல். தொட்டிக்கரை, உங்கள் மேலதிகாரி சொன்ன “கிரெய்ன் நாய்ஸ்பா, விடு” என்பதில் ‘விடு’தான் எனக்குப் பிரச்சினை.

கறுப்பு விளக்கு

ஃபிலிம்காரரே, ஃபோட்டோகுரோமிக் விஷயம் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவார்கள். :)

மேக்ரோ, எல்லாப் புல்லையும் வெட்டிப் பார்க்கச் சொல்கிறீர்களா? உலகத்தில் ஒரு டிஸ்கும் மிஞ்சாது.

தொட்டிக்கரை

வெட்டச் சொல்லவில்லை, எழுதிவைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். அந்தப் பில்லட்டின் ஜோடி, அதே இங்காட்டின் (உருக்கி வார்த்த கட்டி) அடுத்த பாதி, முந்தின நாள் ஷிஃப்டில் நான்தான் பாஸ் போட்டேன். நல்லவேளை, யார்டை விட்டுப் போகவில்லை. திரும்பக் கொண்டுவந்து மூன்று முறை ஓட்டினோம். எதுவும் வரவில்லை, புல் மட்டும்தான். ஆனாலும் அந்த இங்காட்டையே ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பாதியை யாரும் வெட்டிப் பார்க்கவில்லை.