ஸ்பார்க்கா, மினிசாம்ப்ஸா? 1:43-ல் ஒன்றோடு நிற்கலாமா?

குட்டிச்சக்கரம்:
வணக்கம். இரண்டு வருடமாக 1:43 அளவில், அதாவது நிஜக் காரில் 43-ல் ஒரு பங்கு நீளத்தில், மாதிரிப் பந்தயக் கார்கள் சேர்க்கிறேன். கையில் பதினொன்று இருக்கின்றன. பாதி ஃபார்முலா ஒன், மீதி லெ மான்ஸ், பிரான்ஸின் 24 மணி நேரப் பந்தயம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத் தயாரிப்பு என்பதால் அலமாரி ஒட்டாமல் நிற்கிறது. இனி ஒரே நிறுவனத்தோடு நின்றுவிடலாம் என்று பார்க்கிறேன். மினிசாம்ப்ஸ் கையில் கனக்கிறது, ஸ்பார்க் லேசாக இருக்கிறது. கனம்தானே தரம்?

பழைய டயர்:
கனத்தை நம்பி நானும் ஏமாந்தவன்தான். மினிசாம்ப்ஸின் பழைய கார்கள் டைகாஸ்ட், அதாவது துத்தநாகக் கலவையை எஃகு அச்சில் ஊற்றியவை. அச்சுக்குச் செலவு அதிகம், அதனால் ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் கட்டுப்படியாகும். ஸ்பார்க் ரெசின், அதாவது அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக். அதன் சிலிக்கோன் ரப்பர் அச்சு சில டஜன் வார்ப்பிலேயே தேய்ந்துவிடும், ஆனால் செய்ய மலிவு. லெ மான்ஸில் பின்னால் ஓடி யாரும் கவனிக்காத கார்களைக்கூட ஸ்பார்க் செய்வதற்கு அதுதான் காரணம்.

1970 லெ மான்ஸில் வென்ற போர்ஷே 917, சிவப்பில் வெள்ளைப் பட்டை, எண் 23. என்னிடம் ரெசினில் ஒன்றும் உலோகத்தில் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் பத்து சென்டிமீட்டருக்குக் குறைவுதான். உலோகக் காரில் வைப்பர் கண்ணாடியோடு சேர்ந்த ஒரு மேடு, அதன்மேல் கறுப்புப் பெயின்ட். ரெசினில் அதுவே தனித் தகடு, முடி அளவு தடிமன்தான், கண்ணாடியைத் தொடாமல் நிற்கிறது. அதே தகடு ஒருநாள் துடைக்கும்போது துணியோடு வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேடி எடுக்க ஒரு மணி நேரம்.

என் கணக்கு இதுதான்: லெ மான்ஸுக்கு ஸ்பார்க். தொண்ணூறுகளின் ஃபார்முலா ஒன்னுக்குப் பழைய மினிசாம்ப்ஸ். நிஜக் கார்களில் இருந்த சிகரெட் விளம்பரம் அவற்றில் பெரும்பாலும் இருக்காது, ஸ்டிக்கர் வாங்கி நாமே ஒட்ட வேண்டும். மினிசாம்ப்ஸும் இப்போது ரெசின் செய்கிறது, பெட்டியைப் படித்து வாங்குங்கள்.

மூன்றாம் வளைவு:
ஃபெராரி பிடிக்குமென்றால் 'ஒரே நிறுவனம்' என்ற பேச்சே எடுபடாது. ரெசினில் லுக்ஸ்மார்ட், பிபிஆர் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும்.

குட்டிச்சக்கரம்:
ஃபெராரி மூன்று இருக்கிறதே! சரி, அந்த ஆசையை விட்டுவிட்டேன். பராமரிப்பில் ஏதாவது உண்டா?

பழைய டயர்:
வெயில் படாத இடம் முக்கியம், ரெசின் சூட்டில் வளையும். அப்புறம், பெட்டி அடியிலுள்ள திருகைக் கழற்றி டயரைப் பாருங்கள். சில டயர்களின் ரசாயனம் கசிந்து பிளாஸ்டிக் தளத்தையே இளக்கிவிடும். நான் டயருக்கு அடியில் மெல்லிய அலுமினியத் தாள் வைக்கிறேன்.

குட்டிச்சக்கரம்:
பார்த்தேன். பதினொன்றில் ஒன்று, இடது பின்டயர் ஒட்டிக்கொண்டு தளத்தில் பள்ளம். தாள் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.