மெஷ் ஆனோடில் கருப்புப் பொடி உதிர்கிறது, வோல்டேஜும் ஏறுகிறது

வியாசை_எலக்ட்ரான்:
மணலிப் பக்கம் ஒரு காயலாங்கடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்புப் பூச்சு போட்ட டைட்டானியம் மெஷ் கிடைத்தது. ஆக்சைடு பூச்சு, கரையவே கரையாது என்று சொல்லித்தான் கொடுத்தார். மொட்டை மாடியில் நீர்த்த கந்தக அமிலத்தில் அதை ஆனோடாக (பிளஸ் முனையாக) வைத்து ஹைட்ரஜன் எடுக்கிறேன். முதல் வாரம் 2 ஆம்பியருக்கு 3 வோல்ட் போதும், இப்போது 7 வோல்ட் கேட்கிறது, அடியில் கருப்பாகப் பொடி வேறு. பூச்சு பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறதே, அப்புறம் ஏன் கரண்ட் போகவில்லை?

உப்புக்காத்து:
தம்பி, அது அநேகமாகக் குளோரின் எடுக்கிற ஆனோடு. ருத்தேனியம் ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் கலந்த பூச்சு, 1960களில் ஹென்றி பீர் காப்புரிமை வாங்கியது. உப்புக்கரைசலில் வருடக்கணக்கில் உழைக்கும். உன் அமிலத்தில் குளோரைடே இல்லை, வருவதெல்லாம் ஆக்சிஜன், அங்கே ருத்தேனியம் இன்னும் மேலே ஆக்சிஜனேற்றம் ஆகிக் கரைந்துவிடும், டெட்ராக்சைடாக ஆவியாகக்கூடப் போகும். அது விஷம், மாடியில் செய்தது நல்லதாய்ப் போயிற்று. பூச்சு ஒட்டியிருப்பதை நம்பாதே. அதில் வறண்ட ஏரி மாதிரி வெடிப்புகள் இருக்கும், அமிலம் அதன் வழியே இறங்கி அடி டைட்டானியத்தில் டைட்டானியம் டையாக்சைடு படலத்தை வளர்க்கும். அது கரண்டை விடாது. மேலே பூச்சு இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆமாம், பிளஸ், மைனஸை மாற்றிப் போட்டாயா?

வியாசை_எலக்ட்ரான்:
போட்டேன் அண்ணே :( அழுக்கு போகட்டும் என்று ரெண்டு தடவை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம்.

உப்புக்காத்து:
சரிதான். கேத்தோடாக, அதாவது மைனஸ் முனையாக இருக்கும்போது டைட்டானியம் ஹைட்ரஜனை உள்ளே இழுத்து ஹைட்ரைடு ஆகும், பூச்சின் பிடி விட்டுப்போகும். பொடிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அமிலமே வேண்டும் என்றால் இரிடியம்-டான்டலம் ஆக்சைடு பூச்சு வாங்கு, விலை கையைக் கடிக்கும்.

காசிமேடு_கெமிஸ்ட்:
எதற்கு இரிடியம்? பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு மாறுங்கள், நிக்கல் வலை போதும். அதன் மேல் தானாக உருவாகும் ஆக்சிஹைட்ராக்சைடுதான் வேலை செய்யும், கரைசலில் துளி இரும்பு இருந்தால் இன்னும் நன்றாகவே ஓடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். எவர்சில்வர் தகடு போட்டால் குரோமியம் கரைந்து கரைசல் மஞ்சளாகும், விஷமான ஆறு இணைதிறன் குரோமியம் அது, பக்கிங்ஹாம் கால்வாயில் கொட்டிவிடாதீர்கள், ஏற்கெனவே அதில் இருப்பது போதும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், நம்ம பக்கத்து போர் தண்ணியில் உப்பு அதிகம்.

வியாசை_எலக்ட்ரான்:
போர் தண்ணிதான் ஊற்றினேன்... அப்போ அந்த பிளீச்சிங் பவுடர் வாசனை?

உப்புக்காத்து:
குளோரின்தான் தம்பி. ஸ்விட்சை ஆஃப் பண்ணு.