நான்கு கதவு வைத்து மாற்றிய பழைய தார் ஜீப்பை வாங்கலாமா?

கொல்லிமலைத் தோட்டக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அப்பால் எங்களுக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது. சாலையிலிருந்து தோட்டத்து வீடு வரை இரண்டு கிலோமீட்டர் மண்பாதைதான்; ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நான்கு சக்கரமும் இழுக்காத வண்டி அதில் ஏறாது. வயதான அம்மாவும் அப்பாவும் உடன் வருவதால், பின்பக்கமாக ஏறி எதிரெதிரே உட்காரும் ஜீப் எங்களுக்கு ஒத்துவரவில்லை. கோவையில் ஒருவர் 2014ஆம் ஆண்டின் மகிந்திரா தார் சிஆர்டிஇ டீசல் வண்டியை, சேஸ் என்னும் அடிச்சட்டத்தை நீட்டி, நான்கு கதவு வைத்து, பின்னால் சாமான் ஏற்றச் சிறிய தொட்டியும் விட்டு மாற்றியிருக்கிறார். ஆறரை லட்சம் ரூபாய் கேட்கிறார். ஆர்.சி. என்னும் பதிவுப் புத்தகத்தைப் பற்றி விசாரித்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். நேரில் போகும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பட்டறைக்காரர்:
வணக்கம் ஐயா. இருபது ஆண்டுகளாக ஜீப் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயின்டையும் இருக்கையையும் பார்ப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேஸை நீட்டுகிறவர்கள் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் அறுத்துத் துண்டு வைத்துப் பற்றவைப்பார்கள். நேர்க்கோட்டில் அறுத்து அப்படியே ஒட்டியிருந்தால், குலுங்கும் பாதையில் முதலில் விரிசல் விடும் இடம் அதுதான். சாய்வாக அறுத்து ஒட்டி, உட்பக்கமும் வெளிப்பக்கமும் நீளமான தகடு வைத்துக் கட்டியிருந்தால் ஓரளவு நம்பலாம். அந்த இடத்தில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், அதைச் சுரண்டிப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது கதவுகள். இடது முன்சக்கரத்தையும் வலது பின்சக்கரத்தையும் அரை அடிக் கல்லின்மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுங்கள். சமதரையில் பூப்போல மூடிய கதவு அங்கே இடித்தாலோ பிடித்துக்கொண்டாலோ, சேஸ் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள தூணின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகட்டுக்குப் பதில் பூசி நிரப்பிய பட்டிதான் இருக்கிறது.

சேஸ் நீண்டால், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாப்ட்டும் நீள வேண்டும். அதை லேத்தில் நீட்டியபின் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டியிருந்தால், அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் தரைத்தகடு நடுங்குவது காலிலேயே தெரியும். நீட்டிய பிரேக் குழாய் எங்கே இணைகிறது என்பதைப் பாருங்கள். கை பிரேக்கை ஏற்றத்தில் நிறுத்திச் சோதியுங்கள். நான்கு சக்கர இழுவையை மண்ணில் மட்டுமே போட்டுப் பாருங்கள். முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது என்பதால், காய்ந்த தார்ச்சாலையில் போட்டுக்கொண்டு வளைத்தால் கியர்களும் ஷாப்ட்டும் இறுகிக்கொள்ளும்.

மலைப்பாதையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறுகிறீர்கள். வண்டி நீளமாக நீளமாக வளைவில் ஒரே மடக்கில் திரும்பாது. மேட்டைக் கடக்கும்போது வயிறும் தட்டும். தாரை ஜீப்பாக நாம் விரும்புவதே அதன் குட்டை உடம்புக்காகத்தான். நீட்டும்போது அதைத்தான் இழக்கிறோம்.

பட்டுத் தெரிந்தவன்:
வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஆர்.சி.யில் உள்ளதும் கண்ணெதிரே நிற்பதும் ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள். உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியின்றிச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பெயர் மாற்றியபின் உரிமையாளர் நீங்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நான் இதே போன்ற ஒரு ஜீப்பை வாங்கி மூன்று ஆண்டு ஓட்டினேன். ஒரு மழை நாளில் வளைவில் சறுக்கி மரத்தில் மோதியது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பார்வையிட வந்தவர் டேப்பை எடுத்து முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார், ஆர்.சி.யைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பத்து நாளில் இழப்பீடு கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. சரிசெய்யும் செலவு முழுவதும் என் கையிலிருந்து போனது. பணத்தைவிட, பின்னால் என் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்ற எண்ணம்தான் இன்றும் உறுத்துகிறது.

மேலும், 2014இல் பதிவான தனியார் வண்டிக்கு 2029இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டிவரும். அப்போது வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்தியே ஆக வேண்டும்.

நீலகிரி வாசகர்:
நான்கு கதவும் தொட்டியும் தேவையென்றால், நிறுவனமே அப்படிச் செய்து விற்ற வண்டிகளைத் தேடுங்கள். மகிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே, 2016 முதல் வந்த இசுசு வி-கிராஸ், பொலிரோ கேம்பர் ஆகியவற்றில் நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிகள் கிடைக்கின்றன. வி-கிராஸ் ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம் என்பதால் உங்கள் வளைவுகளுக்குச் சிரமம்தான். கேம்பர் என்றால் சரக்கு வாகனமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லையென்றால், 2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸின் நான்கு சக்கர இழுவை வண்டி இருக்கிறது. பழையதாகக் கிடைத்தாலும் விலைதான் இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

கொல்லிமலைத் தோட்டக்காரர்:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பற்றவைப்பு நேர்த்தியாக இருந்தது, தகடும் வைத்திருந்தார்கள். கல்லில் ஏற்றியபோது இடது பின்கதவு மட்டும் கொஞ்சம் பிடித்தது. ஆனால் ஆர்.சி.யில் சக்கர இடைவெளி 2430 மில்லிமீட்டர் என்று இருந்தது. டேப்பில் 2740 வந்தது. உரிமையாளர் நல்ல மனிதர், விலையை ஒரு லட்சம் குறைப்பதாகவும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாமக்கல்லிலோ சேலத்திலோ நல்ல கெட்அவே விலைக்கு இருப்பது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள்.